கிராணியின் கண்ணில் சில நூல்கள்

(கிளைச் சங்கக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டமென்றால் சம்பளம், போனஸ், மழைநாள் வேலை என்று பேசுவதுதான் வழக்கம். அந்த விஷயங்களைச் செயலாளர் முன்னரே முடித்துவிட்டார். எஞ்சிய நேரத்தில், இந்த ஓராண்டாக நான் படித்த நூல்களைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். "எல்லா நூலும் நல்ல நூல் என்று சொல்லிவிட்டு உட்காரக் கூடாது, மனத்தில் பட்டதைச் சொல்லவேண்டும்" என்று தலைவர் ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். அப்படியே செய்கிறேன்.

நான் பண்டிதனல்லன். தோட்டத் தமிழ்ப்பள்ளி தந்த தமிழைக்கொண்டு படிக்கிறவன். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிடுவதும், பால் நிறுக்கும் கொட்டகையில் எண் குறிப்பதும், மாதக் கடைசியில் செக்ரோல் முடிப்பதும் என் பிழைப்பு. ஆகவே கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் என் கண் கணக்கெழுதுகிறவன் கண்ணாகவே இருக்கிறது. நம்மைப் பற்றிய நூல் என்றால் முதலில் இரண்டு பார்ப்பேன். வேலை சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? கூலி சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? கண்ணீரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது எல்லா நூலிலும் தாராளமாகவே இருக்கிறது.

சில கதைகளில், பெயர் வேண்டாம், கதாநாயகி உச்சி வெயிலில் பால் மரம் வெட்டிக்கொண்டே காதலனை நினைத்துப் பாடுவாள். இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதும், அதற்காகவே இருட்டோடு எழுந்து நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைகிறோம் என்பதும் அந்த ஆசிரியருக்குத் தெரியாது. இன்னொரு கதையில் மழை பெய்கிறது. கதாநாயகன் மகிழ்ச்சியால் ஆடுகிறான். பட்டை நனைந்தால் அன்றைக்கு வேலை இல்லை, வேலை இல்லாத நாள் செக்ரோலில் வெற்றுக் கட்டம் என்று அவனுக்கு யாரேனும் சொல்லியிருந்தால் ஆடியிருக்க மாட்டான். இப்படிப்பட்ட நூல்களை நான் பத்துப் பக்கத்தோடு மூடி வைத்துவிடுவேன்.

மூடி வைக்க முடியாத நூல் ஒன்று கிடைத்தது. அது நம் நாட்டைப் பற்றியதே அன்று. 'எரியும் பனிக்காடு' என்பது அதன் பெயர். தமிழ்நாட்டில் ஆனைமலைத் தொடரிலுள்ள வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றியது. பி. எச். டேனியல் என்ற டாக்டர் எழுதியது. அவர் அங்கே தோட்ட டாக்டராக வேலை பார்த்தவர்; பின்னர் தொழிலாளர் சங்கம் அமைப்பதிலும் முன்னின்றவர். 1969-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நாவலை இரா. முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். 2013-இல் வந்த 'பரதேசி' படம் இதைத் தழுவியதுதான். படம் பார்த்தவர்கள் கதை தெரியும் என்று நூலை விட்டுவிட வேண்டாம்.

கருப்பன், வள்ளி என்று ஓர் இளந்தம்பதி. திருநெல்வேலிச் சீமைக் கிராமத்தில் பட்டினி. மேஸ்திரி வருகிறான். மலைக்கு வந்தால் வயிறாரச் சோறு, கை நிறையக் காசு, திரும்பி வந்து நிலம் வாங்கலாம் என்கிறான். முன்பணம் கொடுக்கிறான். போகிறார்கள். பனி, அட்டை, மலேரியா, துரைமார் அடி, மேஸ்திரி வசவு. இவையெல்லாம் நாம் எதிர்பார்ப்பவைதாம். என்னை உட்கார வைத்தது வேறொன்று. ஓர் ஆண்டு முடிந்து கணக்குத் தீர்க்கும் நாள் வருகிறது. முன்பணம் இவ்வளவு, கடையில் வாங்கிய அரிசி இவ்வளவு, கம்பளி இவ்வளவு, காய்ச்சலில் படுத்த நாள் இத்தனை என்று கழித்துக்கொண்டே வருகிறார்கள். கடைசியில் பாக்கி தொழிலாளியின் தலையில் நிற்கிறது. இன்னும் ஓர் ஆண்டு உழைத்தால்தான் ஊர் திரும்பலாம். அந்த இடத்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, சங்கிலி போடவில்லை. பேனா முனையில் காரியம் முடிந்துவிடுகிறது. அடிமைத்தனத்தைப் பற்றி எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டிருக்கிறோம். அது நடக்கிற முறையை இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டிய நூல் வேறில்லை.

இதை ஏன் இங்கே இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்று கேட்கலாம். வால்பாறைக்கு ஆள் பிடித்த முறையும் மலாயாவுக்கு ஆள் பிடித்த முறையும் உடன்பிறந்தவை. அங்கே மேஸ்திரி, இங்கே கங்காணி. இங்கே ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டபின் கங்காணி முறைதான் நம் முன்னோர்களைக் கப்பலேற்றியது. தான் கொண்டுவந்த ஆட்களில் ஒருவர் ஒரு நாள் வேலைக்கு வந்தால் கங்காணிக்கு இரண்டு காசு தலைக்காசு. ஆள் படுத்துவிட்டால் கங்காணிக்கு நட்டம். ஆகவே காய்ச்சல்காரனையும் பிரம்பால் எழுப்பினான். 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரைக் கூலி வேலைக்கு இங்கே அனுப்புவதைத் தடை செய்தபின்தான் அந்த வரவு நின்றது. நம் பாட்டன்மார் வந்த கதையைத் தெரிந்துகொள்ள விரும்புகிற இளைஞனுக்கு நான் முதலில் கொடுக்கிற நூல், தேயிலையைப் பற்றிய இந்த நூல்தான்.

குறையும் சொல்லவேண்டுமல்லவா? பிற்பகுதியில் ஆபிரகாம் என்ற டாக்டர் வருகிறார். நல்லவர். அவர் வந்தவுடன் கதையின் நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிடுகிறார். கருப்பனும் வள்ளியும் திண்ணைக்குப் போய்விடுகிறார்கள். எழுதியவர் டாக்டர் ஆனதால் அப்படி ஆகியிருக்கலாம். படித்தவன் வந்து காப்பாற்றுவான் என்ற நினைப்பு நம் மக்களிடம் முன்னரே அதிகம். நூலும் அதற்கு நெய் ஊற்ற வேண்டியதில்லை.

அடுத்து நம் நாட்டு நூல். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்'. 1993-இல் வெளிவந்தது. இதே துயரத்தை வைத்து, ஆசிரியராக இருந்த அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்ற நாவலை எழுதியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். சேர்த்தே பேசுகிறேன்.

ஜப்பானியர் ஆட்சியில், 1942-லும் 1943-லும் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே சுமார் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. நம் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலர் நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போனார்கள். மற்றவர்களைப் பிடித்துப் போனார்கள். காட்டு மழை, வாந்திபேதி, மலேரியா, புண். இவை உங்கள் வீடுகளிலேயே கேட்ட கதைகள்.

அந்த ரயிலைப் பற்றி உலகம் அறிந்தது 1957-இல் வந்த குவாய் நதிப் பாலத்து ஆங்கிலப் படத்தால். அந்தப் படத்தில் வெள்ளைக்காரக் கைதிகள் சீட்டியடித்துக்கொண்டு அணிவகுத்துப் போகிறார்கள். நம் ஆட்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர் அங்கே வேலை செய்தார்கள்; 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரிய கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் காஞ்சனபுரியில் அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். மிகப் பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி எல்லாம் பொறித்திருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு அதிகமாக இறந்தார்கள். எத்தனை பேர் என்று கேட்டால் ஒவ்வொரு நூல் ஒவ்வோர் எண் சொல்லுகிறது. ஐம்பதாயிரத்துக்கும் நூறாயிரத்துக்கும் இடையே எண்கள் தாவுகின்றன. தோழர்களே, செக்ரோல் எழுதுகிற எனக்கு இந்த இடம் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஒரு கிலோ ஒட்டுப்பால் குறைந்தால் விசாரணை நடக்கிற தொழில் நம்முடையது. பல ஆயிரம் மனிதர் குறைந்ததற்குப் பெயர்ப் பட்டியல் இல்லை.

இந்த இரண்டு நாவல்களும் செய்கிற வேலை இந்தப் பின்னணியில்தான் பெரிதாகிறது. படத்தில் இல்லாத மனிதர்களை இவை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அவர்கள் தமிழில் பேசுகிறார்கள், தோட்டத்தை நினைத்துக்கொள்கிறார்கள், சாகிறார்கள். இவற்றில் குறை இல்லையா? உண்டு. சில இடங்களில் ஆசிரியர்கள் வரலாற்றுச் செய்தியைக் கதாபாத்திரத்தின் வாயில் வைத்துச் சொல்லுகிறார்கள். பேதியில் கிடக்கிறவன் பத்திரிகைத் தலையங்கம் போலப் பேச மாட்டான். சாவுகள் அடுக்கடுக்காக வரும்போது மனம் மரத்துப்போகிறது. ஆனால் இது எழுத்தின் குற்றமா, நடந்ததன் குற்றமா என்று எனக்கே தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. குறையோடு சேர்த்து இவை இரண்டும் நம் மன்றத்து அலமாரியில் இருக்கவேண்டிய நூல்கள்.

அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். 1975-இல் அவர் நம் நாட்டுக்கு வந்தார். தமிழுக்கு முதல் ஞானபீடப் பரிசைப் பெற்றுத் தந்தது அவருடைய 'சித்திரப்பாவை'. அவ்வளவு புகழ் பெற்றவர் லயத்து வாசலில் வந்து நின்று, நம்மைப் பற்றி ஒரு நாவலும் எழுதினார் என்பது மரியாதைக்குரிய செய்தி. நூலில் அன்பு நிறைந்திருக்கிறது. ஆனால் அது விருந்தாளியின் அன்பு. விருந்துக்கு வந்தவர் சமையலறைப் புகையைப் பார்த்து வருந்துவார்; உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நம் பேச்சில் கலந்து கிடக்கிற மலாய்ச் சொல்லும், தண்டலின் கிண்டலும், கோயில் கமிட்டிச் சண்டையும் அங்கே வாழ்ந்தவன் காதுக்குத்தான் கேட்கும். வாங்கிப் படியுங்கள், வாசல்வரை வந்த நூல் என்று எண்ணிப் படியுங்கள்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வேறு சாதி நூல். அவர் இளம் வயதில் இந்தோனேசியாவிலுள்ள மேடானுக்குப் போய் வேலை செய்தவர். யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பி மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தார். இந்த நாவல் 1972-இல் அச்சில் வந்தது. அவருடைய இன்னொரு நாவலான 'கடலுக்கு அப்பால்' 1959-இலேயே வந்துவிட்டது. மேடான், பினாங்கு, வட்டிக்கடைகள், ஜப்பானியர் ஆட்சி, நேதாஜியின் படை என்று கதை போகிறது. தொங்கானில் கடலைக் கடக்கிற பகுதியைப் படித்தபோது நான் இரவுச் சாப்பாட்டை மறந்தேன். கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒவ்வொருவரும் எங்கே உட்காருவார், யார் யாரை எப்படிக் கூப்பிடுவார் என்பது வரை அச்சாக இருக்கிறது. இவர் விருந்தாளியல்லர், சமையலறையிலேயே நின்றவர். வேலையைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இந்த நூலைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

இருந்தாலும் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டுத் தமிழ்ப் பெருமையையும் சிறுமையையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். கெட்டிக்காரத்தனமான பேச்சுத்தான், பாதியில் எனக்குக் கொட்டாவி வந்தது. மற்றது, நேதாஜியின் படையில் தோட்டத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். லயத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கினார்கள். கடைவீதித் தமிழனை இவ்வளவு நுட்பமாகப் பார்த்த கண், பால்மரக் காட்டுத் தமிழனைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

ம. நவீனின் 'பேய்ச்சி' பற்றி ஒருவர் கேள்விச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 2019-இல் வெளிவந்தது; 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. நான் தடைக்கு முன் படித்தவன். சட்டம் இருக்கும்போது நூலை உங்கள் கையில் கொடுக்க என்னால் முடியாது. அதில் கெட்ட வார்த்தை இருக்கிறது என்று குதித்தவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன். அவர்கள் ஒரு நாள் காலை நம் தண்டலோடு தீம்பாருக்கு வந்து பார்க்கட்டும். (தண்டல் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது!) என் அபிப்பிராயத்தில் அந்த நூலில் கொஞ்சம் வேண்டுமென்றே முகத்தில் அறைகிற இடங்களும் உண்டு, ஆயினும் படிக்கத் தெரிந்தவன் அதைத் தாங்கிக்கொள்வான்.

இனி என் சொந்த வழக்கு ஒன்று. இந்த நூல்களில் மட்டுமல்ல, தோட்டக் கதை எதைத் திறந்தாலும் கிராணி கெட்டவன். கோழி வாங்குகிறான், பெண்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறான், அரைநாள் வெட்டுகிறான். பலமாகவே கைதட்டுகிறீர்கள்! நான் மறுக்க வரவில்லை. அப்படிப்பட்ட கிராணிகள் இருந்தார்கள். அவர்கள் எழுதிய அரைநாளால் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். ஆனால் கெட்ட கிராணியோடு கதை முடிந்துவிட்டால் அந்த நூல் கணக்கை முடிக்கவில்லை என்றுதான் சொல்வேன். ரப்பர் விலை விழுந்தபோது, 1930-இல், ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசாக இருந்த கூலி 40 காசாயிற்று. பெண்ணுக்கு 40 காசு 32 காசாயிற்று. இதை எந்தக் கிராணியும் எந்தக் கங்காணியும் தீர்மானிக்கவில்லை. அவர்கள் ஏட்டில் பதிந்தார்கள். தீர்மானித்தவர்கள் லயத்துப் பக்கம் காலடி வைக்காதவர்கள். நாவலாசிரியர்களுக்குக் கைக்கெட்டிய வில்லன் கிராணி. கைக்கெட்டாதவனைக் கதையில் பிடித்துப் போடுகிறவன்தான் எனக்குப் பெரிய எழுத்தாளன்.

இன்னொரு மனக்குறை. நான் சொன்ன நூல்களில் நாம் அழுகிறோம், சாகிறோம், ஓடுகிறோம். சங்கமாகச் சேர்ந்து நிற்கிற இடம் மிகக் குறைவு. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் தலைமையில் சங்கம். கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தவேண்டும் என்றும் கேட்டார்கள். நாதனைக் கைது செய்தார்கள், நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டது. சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த அந்த முதல் மனிதன் அன்று காலை என்ன நினைத்திருப்பான்? வீட்டில் அவன் மனைவி என்ன சொல்லியிருப்பாள்? இதைத்தான் நான் ஒரு நாவலில் படிக்க ஆசைப்படுகிறேன். ரஷியாவில் மாக்சிம் கார்க்கி 'தாய்' நாவலில் அந்தக் காரியத்தைத்தான் செய்தார். ரகுநாதன் தமிழில் தந்திருக்கிறார். எழுத்தறியாத கிழத்தாய், மகனுக்காகத் துண்டுப் பிரசுரம் சுமந்து, வயதான காலத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பிரசங்கம் கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் அந்தத் தாய் எழுத்துக் கூட்டுகிற இடத்தை என் வீட்டில் உரக்கப் படித்தபோது, வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள்.

பழங்கதை எதற்கு, தோட்டங்களே செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறிக்கொண்டிருக்கின்றனவே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இன்று நமக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற இந்தோனேசியரையும் வங்காளதேசத்தவரையும் கேட்டுப் பாருங்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், அதற்கு வாங்கிய கடன், கடன் தீரும்வரை ஊர் திரும்ப முடியாத நிலை. 'எரியும் பனிக்காட்டில்' கணக்குத் தீர்க்கும் நாள் என்று சொன்னேனே, அந்த ஏட்டை இன்னும் யாரும் மூடவில்லை. 1983-இல் பகாங்கில் செலாஞ்சார் அம்பாட்டில் குத்தகைக்காரரிடம் நம் ஆட்களே அடைபட்டுக் கிடந்தது வெளியே வந்ததல்லவா? கோ. புண்ணியவான் அதை நாவலாகவே எழுதியிருக்கிறார். படித்தவர்கள், இன்று வந்திருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளியை "அவன் யாரோ" என்று சொல்ல மாட்டார்கள். சங்கத்தில் சேர அவர்களுக்கும் உரிமை உண்டு.

மன்றத்து அலமாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூல்கள் இருக்கின்றன, சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை மாலை ஆயாக் கொட்டகையில் ஒரு மணி நேரம் உரக்கப் படிக்கலாம் என்று செயலாளர் இசைந்திருக்கிறார். 'எரியும் பனிக்காடு' முதலில். கண் மங்கிய பெரியவர்களும் எழுத்தறியாத தாய்மார்களும் அவசியம் வரவேண்டும். வேலையைப் பற்றி ஆசிரியர் தவறாகச் சொல்லியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் அவர்கள்தாம்.

கடைசியாக ஒன்று. மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். சயாம் ரயிலுக்கு இந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களின் பெயர்களை அதில் எழுதவேண்டும். போனவர்கள் இன்று நம்மோடு இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். பெயர், தகப்பனார் பெயர், எந்த லயம், திரும்பி வந்தாரா இல்லையா. இவ்வளவு போதும். தேதி நினைவில்லாவிட்டால் "தீபாவளிக்கு முன்", "தம்பி பிறந்த வருஷம்" என்று சொல்லுங்கள், அப்படியே குறித்துக்கொள்கிறேன். இன்று காலைவரை பதினொரு பெயர் சேர்ந்திருக்கிறது. தேநீர் குடித்தபின் நான் பேனாவோடு இங்கேயே உட்கார்ந்திருப்பேன்.